ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி இல்லாத கட்டுரை

எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் டெட்ரோடு என்ற நுண்ணிய மின்முனையைப் பொருத்தி நியூரான்களின் மின்துடிப்பைப் பதிவு செய்வது எங்கள் ஆய்வகத்தின் வேலை. கட்டுரை தயாரானதும் முதலில் வந்து நின்றது பணம். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட நேச்சர் நியூரோசயின்ஸ் இதழ் 2021இல் வைத்த விலை 9,500 யூரோ. கட்டணம் அநியாயம் என்று நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர் குழு 2023இல் கூண்டோடு விலகியதில் ஆச்சரியமே இல்லை.

நாங்கள் ஈலைஃப் என்ற இணைய இதழுக்குப் போனோம். 2023இல் புது முறைக்கு மாறியபோது அங்கே கட்டணம் 2,000 டாலர்; இயலாதவர்கள் விலக்கு கேட்கலாம். கேட்டோம், கிடைத்தது. மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவத்தை, அதாவது ப்ரீபிரிண்டை, பயோஆர்க்கைவ் என்ற பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டு அனுப்பினோம். மதிப்பாய்வுக்கு எடுப்பதா வேண்டாமா என்று ஆசிரியர்கள் முதலில் முடிவு செய்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பாய்வு செய்யும் ரிவ்யூவர்கள் எழுதுவதை ஊரே படிக்கும். கட்டுரையின் முக்கியத்துவத்துக்கு ஒரு சொல், ஆதாரத்தின் வலுவுக்கு ஒரு சொல் என்று சுருக்கமான மதிப்பீடும் கூடவே வரும். எங்களுக்கு வந்தது: கண்டுபிடிப்பு மதிப்புள்ளது, ஆதாரம் முழுமையற்றது. வழக்கமான இதழாக இருந்தால் இது ஒரு மின்னஞ்சலோடு போயிருக்கும். எங்கள் பேராசிரியர் அன்று யாரிடமும் பேசவில்லை.

ரிவ்யூவர்கள் எழுப்பிய கேள்வி என்னவோ நியாயமானதுதான். டெட்ரோடில் நான்கு கம்பிகள். ஒரு நியூரான் மின்துடிப்பை வெளியிடும்போது எந்தக் கம்பியில் சிக்னல் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை வைத்துத்தான் அது எந்த நியூரான் என்று பிரிக்கிறோம். இரவில் மின்முனை சில மைக்ரான் நகர்ந்தாலே அந்த உயரங்கள் மாறிவிடும். 'நேற்றுப் பார்த்த அதே நியூரான்தான் இது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அளவுகோலை இறுக்கி மறுபடி பிரித்தோம். பாதிக்கு மேல் நியூரான்கள் கழிந்தன, முடிவு மட்டும் அசையவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் தாங்களே பிரித்துப் பார்க்கட்டும் என்று பதிவுகளை, நரம்பியல் தரவுக்கான பொதுக் கோப்பு வடிவமான என்டபிள்யூபியில், டான்டி என்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினோம். கோப்புகளை அந்த வடிவுக்கு மாற்றுவது, கட்டுரை எழுதியதைவிடப் பெரிய பாடு. திருத்திய பதிப்பில் ஆதாரம் 'உறுதியானது' ஆயிற்று. இத்துடன் போதும், இதுவே இறுதி வடிவம் என்று அறிவிப்பதும் நாம்தான்.

அடுத்த சிக்கல் உள்ளூரில். பதவி உயர்வுப் படிவத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி' என்று ஒரு கட்டம், இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்று இன்னொன்று. இந்த முறையில் முதலாவது கிடையாது. இரண்டாவதும் 2025இல் ஈலைஃபுக்கு வரவில்லை, காரணம் இதே முறைதான். கட்டம் காலியாக இருந்தால் கோப்பு நகராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இறுதி வடிவம் வெளியான தேதியை ஒன்றில் எழுதினேன், மற்றதில் 'பொருந்தாது'. 'முழுமையற்றது' என்று வந்த பழைய மதிப்பீட்டையும் புதியதையும் சேர்த்தே அச்செடுத்து இணைத்தேன். பழையதை எடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர். எப்படியும் இணையத்தில் இருக்கிறதே சார் என்றேன். சரி, இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.