பனங்கொட்டை போட்டுப் பார்த்த நாலு வருடம்

2021 ஆவணியில் ஆரம்பித்தேன். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த வருடம் அது. வெட்டத் தடை சரி, நடுவது யார் என்று வீட்டில் வீறாப்பாகப் பேசிவிட்டேன். பேசின பிறகு நடாமல் இருக்க முடியுமா?

ஊர் சாத்தான்குளம் பக்கம், செம்மண் காடு. விடியற்காலையில் போய் விழுந்த பழமாகப் பொறுக்கி, மூன்று சாக்கு சேர்த்தேன். ஒரு பழத்தில் இரண்டு, பெரும்பாலும் மூன்று கொட்டை. நாலைந்து பழத்தை மட்டும் சுட்டுத் தின்றோம். தின்ற கையில் மஞ்சளும் வாசனையும் இரண்டு நாள் போகவில்லை.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. காய்கறி விதையை உலர்த்துகிற பழக்கத்தில், கொட்டையை நார் போகக் கழுவி மொட்டைமாடியில் பதினைந்து நாள் வெயிலில் பரப்பினேன். பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏலே, கொட்டையக் காயப் போட்டா கிழங்கு எங்கயிருந்துல வரும்?" பழத்தைக் குவித்துப் போட்டு, சதை தானாக அழுகியதும் ஈரத்தோடு மண்ணுக்குள் தள்ள வேண்டுமாம். காய வைத்ததில் பாதியை ஒதுக்கிவிட்டு மறுபடி பொறுக்கப் போனேன்.

மூன்று விதமாகப் போட்டேன். கிணற்று ஓரம் மண்ணை இரண்டடி உயரம் குவித்து மேட்டுப்பாத்தி கட்டி, அதன்மேல் நெருக்கமாக 60 கொட்டை. பழைய பெயின்ட் வாளியில் எட்டு. வேலி ஓரம் கடப்பாரையால் குத்தி இருபது.

பாத்தியை எதற்கு உயர்த்த வேண்டும் என்பது தோண்டும்போதுதான் புரிந்தது. பனையின் முளை முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து வெளியே வந்ததும் நேராகக் கீழே இறங்குகிறது. அதன் அடியில்தான் மாவு சேர்ந்து கிழங்காகிறது. கொட்டைக்குள் இருந்த கெட்டிப் பருப்பு கரைந்து கரைந்து கிழங்குக்குப் போக, அந்த இடத்தை வெள்ளைப் பஞ்சு ஒன்று நிரப்புகிறது. அதுதான் தவுண். கீழே மண் பொலபொலவென்று இருந்தால் கிழங்கு நேராக இறங்கும். எனக்கு இரண்டடிக்குக் கீழே சரளைக்கல். பொங்கலுக்கு முந்தின வாரம் தோண்டியதில் 41 கிழங்கு கிடைத்தது, அதில் பத்துப் பன்னிரண்டு கொக்கி மாதிரி வளைந்திருந்தன. வளைந்ததும் ருசி ஒன்றுதான், என்ன, பிடுங்கும்போது ஒடிந்துபோகிறது.

தவுண் ஆச்சிக்கு. கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தோம். அவள் மிளகும் பூண்டும் தட்டிப் போடச் சொன்னாள், இல்லாவிட்டால் வாயு பிடிக்குமாம். சொன்னதைக் கேட்காமல் நான் ஒரே மூச்சில் ஐந்து கிழங்கு தின்றுவிட்டு ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருந்தேன். மிச்சத்தை நறுக்கிக் காயவைத்து இடித்து, தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் புட்டு அவித்தோம். நார்ச்சத்து நிறைய, மலச்சிக்கல்காரர்களுக்கு நல்லது என்பதை நானே சாட்சி சொல்வேன்.

மருந்து என்று எங்கள் வீட்டில் பனை நுழைவது வேறு பல வழிகளில். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவுவது, இருமலுக்குப் பாலில் மிளகும் பனங்கற்கண்டும், சளிக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி, வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. ஆண்பாளையை, அதாவது ஆண் பனையின் பூங்கொத்தை, காயவைத்துச் சுட்ட சாம்பலை வயிற்று நோய்க்கு மருந்தில் சேர்ப்பதுண்டு. அதை வைத்தியர்தான் அளந்து கொடுக்க வேண்டும், நான் தொடவில்லை. ஒன்றே ஒன்றில்தான் எனக்குச் சண்டை. கருப்பட்டி எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்கிறார்கள். அப்பா அதை நம்பி நாலு வேளைக் காப்பி குடித்தார், சோதித்துப் பார்த்தால் ஏறித்தான் இருந்தது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதானே!

வாளிக் கதை சோகம். எட்டில் ஐந்து முளைத்து, கத்தி மாதிரி ஒற்றை இலை விட்டன. பெருமையாகப் படமெல்லாம் எடுத்தேன். அடுத்த மழைக்கு இடம் மாற்ற வாளியை வெட்டினால், வேர் அடியில் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. பிரிக்கும்போது முறிந்தது. ஐந்தும் ஒரு மாதத்துக்குள் கருகின. பனை பிறந்த இடத்திலேயே இருக்கிற சாதி, வாளி வேலையே வேண்டாம்.

வேலி ஓரம் போட்ட இருபதை நான் மறந்தே போனேன். 2022 ஐப்பசி மழைக்கு அப்புறம் களை பறிக்கப் போனபோது புல்லுக்கு நடுவே பதினோரு ஒற்றை இலைகள். தண்ணீர் ஊற்றவில்லை, எரு வைக்கவில்லை. நாலை ஆடு கடித்து, எழும்பாமலே போனது. மிச்சம் ஏழு.

இந்த ஆவணி 2025இல் அந்த ஏழும் வடலி, அதாவது இளம் பனை. போன வருடம் வரை நீட்டு இலைதான், இப்போதுதான் விசிறி மாதிரி விரிகிறது. முழங்கால் உயரம். மட்டை ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி கருக்கு வந்துவிட்டது, வேலி கட்டப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டேன். தண்டு என்று இன்னும் எதுவும் இல்லை. பாளை விட இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அலகா (ஆண்) பருவமா (பெண்) என்பதும் அப்போதுதான் தெரியும். அலகு என்றால் நுங்கு கிடையாது, பதநீர் மட்டும்.

நேற்றுப் போய் மறுபடி இரண்டு சாக்கு பழம் பொறுக்கி வந்தேன், இந்தத் தடவை மாடிக்கு ஏற்றவில்லை. பாத்திக்கு ஒரு வண்டி மணல் சொல்லியிருக்கிறேன், மூன்றடிக்கு உயர்த்த. ஆச்சிக்குப் பல் எல்லாம் போய்விட்டது. தவுணுக்குப் பல் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.