செம்பனைக்கு நடுவே ஒரு பாலன் குடில்

டிசம்பர் 24. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு ஆலையை விட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பைக்குள் ஒரு பழுப்பு உறை இருந்தது. அது நனைந்துவிடக் கூடாதே என்பதுதான் முதலில் மனத்தில் வந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் கொட்டகை வரை ஓடினேன்.

உறையை ஒரு வாரத்துக்கு முன் அம்மா அனுப்பியிருந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு நறுக்கி, நூலால் கட்டிய ஒரு கைப்பிடி வைக்கோல். கூடவே ஒரு துண்டுத் தாள்: "இது வெறும் வைக்கோல்தான். எண்ணிப் போடவேண்டியது நீ."

நான் பாஹாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். முன்பு பால்மரம் என்கிற ரப்பர், இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. ஊருக்கு வெளியே ஓர் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும். தாமதித்தால் பழத்துக்குள்ளேயே எண்ணெய் கெடத் தொடங்கி அமிலம் ஏறிவிடும். அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. குலை வந்துகொண்டிருக்கும்வரை ஆலை ஓடும், ஆலை ஓடும்வரை எங்களில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இந்த வருடம் 25ஆம் தேதி காலையும் என் முறை. என் ஊரோ பேராக்கில், பாகான் செராய்க்குப் பக்கம், ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவோடு இரவாகப் போய்த் திரும்ப முடியாது. பிறந்ததிலிருந்து வீட்டில் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது.

பாகான் செராய் நெல் விளையும் கிரியான் வட்டாரத்தில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று 1880களில் அங்கே ஒரு குடியிருப்பை உண்டாக்கியவர் ஃபே என்ற பிரெஞ்சுக் குருவானவர். பின்னாளில் மலாக்கா ஆயரானவர். நிலத்தைத் திருத்திக் கோயிலைச் சுற்றி வாழ வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்று தாத்தா சொல்வார். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வைக்கோலில்தான் தொடங்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பாட்டி இரண்டு பிஸ்கட் டின்களை வைப்பார். ஒன்றில் போன அறுவடையில் எடுத்து வைத்த வைக்கோல், நறுக்கியது. மற்றது காலி. நாம் ஒரு நல்ல காரியம் செய்தால் அந்த டின்னிலிருந்து ஒரு துரும்பை எடுத்து இந்த டின்னில் போட வேண்டும். கிறிஸ்துமஸ் இரவு அதை எடுத்துத்தான் குடிலில் பாலனுக்குப் படுக்கை விரிப்பார்கள். துரும்பு குறைந்தால் பாலன் பலகையில் படுக்க வேண்டியதுதான். எங்களுக்கு அது பெரிய பயம். இரவில் எழுந்து போய் டின்னை எட்டிப் பார்த்த நாள் உண்டு.

பாட்டிக்கு ஒரே ஒரு சட்டம். எதற்காகப் போட்டோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அந்தத் துரும்பைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் டின்னுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "பாட்டி, நாளைக்குச் செய்யப்போற நல்லதுக்கு இன்னைக்கே ஒன்னு போடலாமா?" என்றான். பாட்டி யோசித்தார். "போடு ராசா. ஆனா அது கடன்" என்றார். மறுநாள் முழுவதும் அவன் வீட்டில் யாருக்கு என்ன செய்வது என்று தவித்துக்கொண்டு அலைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம்தான் மற்றதெல்லாம். மூங்கிலை வளைத்துக் காத்தாடிக் காகிதம் ஒட்டிச் செய்யும் நட்சத்திரம். ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? அப்பா சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வருவார், மணல் நிரப்பிய மைலோ டின்னில் நடுவோம், பஞ்சைப் பிய்த்துப் போட்டால் பனி. அச்சு முறுக்குதான் பாட்டியின் பெருமை. அரிசி மாவும் முட்டையும் தேங்காய்ப் பாலும் கலந்து, பித்தளை அச்சை எண்ணெயில் நன்றாகச் சுட வைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. மாவு அச்சில் படும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே சூடு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆலையில் வெப்பமானி பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் காதுதான் நினைவுக்கு வரும்.

தட்டுகளில் பலகாரம் வைத்துத் துணி மூடி மலாய்க்கார வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் எங்கள் இந்து உறவுக்காரர் வீட்டுக்கும் கொண்டுபோவது பிள்ளைகள் வேலை. எந்த வீட்டிலும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரை, இரண்டு முட்டை, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி அரிசியாவது வரும்.

சரி, இந்த வருடக் கதைக்கு வருகிறேன்.

நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். நாற்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டத்தில் மறுநடவு செய்தபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அங்கே பூசை உண்டு.

"பசியாறிட்டியாம்மா? குளிச்சிட்டு நல்ல சேலை ஒன்னு கட்டு. ஏழரைக்குப் பூசை. நீயும் எங்க கூட வா" என்றார் நான் நனைந்து வந்து நின்றதும்.

அறையில் உறையைத் திறந்து வைக்கோலை மேசைமேல் பரப்பினேன். ஒரு வாரமாக ஒரு துரும்பைக்கூட நான் பிரித்து வைக்கவில்லை. ஷிப்ட், தூக்கம், மறுபடி ஷிப்ட் என்று திருவருகைக் காலம் முழுவதும் ஓடிவிட்டது. நான்கு வாரத்தை ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். மனம் அறிய எனக்குக் கிடைத்தவை மூன்றுதான். அந்த மூன்றைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துவைத்தேன். மீதியை உறையிலேயே போட்டு எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரப் பாட்டியின் மகன் காரை ஓட்டினார். ரயில் பாதையைக் கடக்கும்போது பாட்டி கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, "இந்தப் பாதையப் பாத்தா எங்க அம்மா அழுவாங்க" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தில் ஒரு பகுதியைக் கழற்றி, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரமாயிரமாக அந்த ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். பாட்டியின் தாய்மாமன் போனவர். திரும்பவில்லை.

பாஹாவுக்கு அந்தக் காலத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. இங்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, கத்தோலிக்கர்களை இங்கே காட்டைத் திருத்திக் குடியேறச் சொன்னது ஜப்பானிய ஆட்சி. 1943 டிசம்பரில் முதல் குழு வந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழிவந்த யுரேசியர்கள், சீனர்கள். மண்வெட்டி பிடித்தே அறியாதவர்கள் பலர். மண்ணும் விளையவில்லை, மலேரியா வேறு. அவர்களோடு தாமும் வந்து மண் வெட்டினார் ஆயர் அட்ரியன் தெவால்ஸ். காலில் பட்ட காயத்தால் வந்த நோயில் 1945 ஜனவரியில் இறந்துபோனார். அப்படியென்றால் அதற்கு முந்தின மாதம் அவர் கண்ட கிறிஸ்துமஸ்தான் அவருக்குக் கடைசி. மழை பெய்யும் இந்த ஊரில் அன்று அந்த மக்கள் குடிலுக்கு என்ன வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு என்ன சமைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒரு வருடம் வீட்டுக்குப் போக முடியவில்லை என்று நான் கண்ணைக் கசக்கியது அப்போது மிகச் சிறியதாகத் தெரிந்தது.

தோட்டத்து வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர், பெயரைக் குறித்துக்கொண்டு தடுப்பைத் தூக்கினார். அதன்பிறகு செம்மண் சடக்கு. இரு பக்கமும் பனை மட்டைகள் கார்மேல் உரசின, எங்கும் இருட்டு. பத்து நிமிடம் கழித்து ஓர் ஒற்றை விளக்கு. மாரியம்மன் கோயில். அதைத் தாண்டினால் பெரிய மழைமரம், அதன் கீழே துத்தநாகக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட நம் கோயில். பக்கத்தில் குகைபோலக் கல் அடுக்கிக் கட்டிய மாதா கெபி. தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்து ஆற்றிலிருந்து கல் சுமந்து வந்து கட்டியதாம்.

அறுபது பேர் இருக்கும். சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். "இதுதான் நம்ம வீடு இருந்த எடம்" என்று ஒருவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு பனை மரத்தைத் தன் மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டிலிருந்து ஓர் அண்டா சுண்டல் வந்திருந்தது. வருடா வருடம் வருமாம். ஆடித் திருவிழாவுக்கு இவர்கள் வீட்டிலிருந்து தயிர் போகுமாம்.

குடிலைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பனை மட்டையால் வேய்ந்த கூரை. ஒரு காது உடைந்த கழுதை. வர்ணம் போன சூசையப்பர். மாதாவுக்கும் அவருக்கும் நடுவே காலித் தொட்டி, அதில் லாலாங் புல் கொஞ்சம். எங்கள் வீட்டைப் போலவே இங்கேயும் பூசையில்தான் பாலனை வைப்பார்கள்.

உறையை எடுத்து வீட்டுக்காரப் பாட்டியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "நெல்லு வைக்கோலா? இதப் பாத்து எத்தன வருசம் ஆச்சு" என்றவர், "எல்லாத்தையும் போட்டுடும்மா, பாலனுக்கு மெத்துன்னு இருக்கட்டும்" என்றார். எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். என்னுடைய மூன்றை மட்டும் தொட்டியில் வைத்தேன்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "அக்கா, எங்களுக்கு?" என்று ஒரு சிறுமி கை நீட்டினாள். உறையைத் திறந்து பிடித்தேன். சொல்லக் கூடாது என்ற சட்டத்தையும் சொன்னேன். அவள் கண்ணை மூடி யோசித்தாள். ஒன்றை எடுத்து வைத்தாள். மறுபடி யோசித்து இன்னொன்று. அப்புறம் வரிசையே வந்துவிட்டது, பெரியவர்களும்தான். பால் வெட்டிக் காய்த்துப்போன விரல்களால் ஒரு தாத்தா ஒரே ஒரு துரும்பை எடுத்து, வைத்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றார். கடைசியில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, நான் இன்னும் ஒன்னும் செய்யல. இனிமே செய்யறதுக்கு இப்பவே போடலாமா?"

எனக்குப் பேச்சு வர ஒரு நிமிடம் ஆனது. "போடுப்பா. ஆனா அது கடன்" என்றேன்.

மழை கூரையில் கொட்டியதில் வாசகம் பாதிதான் கேட்டது. நான்கு வாரமாகப் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதத்தைக் குருவானவர் தொடங்கியதும் மணி அடித்தார்கள். ஆர்மோனியம் கிடையாது, ஒரு கஞ்சிராதான். குருவானவர் பாலனை ஏந்தி வந்து தொட்டியில் கிடத்தினார். மறையுரை சுருக்கம், அவருக்கு நள்ளிரவில் வேறோர் இடத்தில் பூசை இருந்தது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துக் குடில் அமைத்ததைச் சொன்னார். அந்தத் தொட்டியின் வைக்கோலை மக்கள் பத்திரமாக எடுத்துவைத்து, நோய் கண்ட கால்நடைகளுக்குக் கொடுத்தார்களாம். கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. மூவரசர் திருநாள் முடிந்ததும் எங்கள் பாட்டி குடில் வைக்கோலில் ஒரு பிடியை அரிசிப் பானையில் போடுவார், மீதியை மாட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டுவார். பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிக்கு அது எப்படி வந்து சேர்ந்ததோ.

பூசை முடிந்து பாலனின் பாதத்தை முத்தமிட வரிசையில் நின்றேன். குனிந்தபோது கிரியான் வயலின் வாசனை வந்தது. லாலாங் புல் கீழே மறைந்துபோயிருந்தது.

வெளியே சுண்டலும் சூடான காப்பியும். யாரோ என் கையில் அச்சு முறுக்கு ஒன்றைத் திணித்தார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது, ஆனாலும் நல்ல முறுக்கு. மழை விடுவதாகத் தெரியவில்லை. கார் சேற்றுக்கு அப்பால் நின்றது. படியில் கால் வைக்கத் தயங்கி நின்ற வீட்டுக்காரப் பாட்டியின் தலைக்குமேல் திடீரென்று ஒரு குடை விரிந்தது. அந்தப் பையன்தான். இரு கையாலும் குடையைத் தூக்கிப் பிடித்து, தன் முதுகு முழுக்க நனைய, பாட்டியின் நடைக்கு ஈடாகச் சின்ன அடி வைத்துக் கார் வரை கொண்டுவந்து விட்டான். கதவை மூடப்போகும்போது என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, கடன் முடிஞ்சிருச்சு."

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குள் ஓடினான்.