மையத்துக்குப் பதினாறு

இரட்டைத் தொகையீட்டுக்கான சிம்ப்சன் விதியை, அதாவது இரண்டு மாறிகள் கொண்ட தொகையீட்டைச் சில புள்ளிகளின் மதிப்புகளை வைத்துத் தோராயமாகக் கணிக்கும் வழியை, பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் சறுக்கிவிட்டேன்.

கணக்கு எளியது. இரண்டு மாறிகள், இரண்டும் 1 முதல் 2 வரை. அவற்றின் கூட்டுத்தொகையின் தலைகீழியை (1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் சார்பை) தொகையிட வேண்டும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்தால் ஒன்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சார்பின் மதிப்பை மூலைகளுக்கு 1, பக்கங்களின் நடுவே 4, மையத்துக்கு 16 என்று பெருக்கிக் கூட்டி, 36 ஆல் வகுத்தால் விடை. நானோ மையத்துக்கும் 4 போட்டுவிட்டேன். வந்தது 0.2288.

“சார், விடை 0.25-க்குக் கீழே போக முடியாதே?” என்றாள் முதல் பெஞ்சு மாணவி. சார்பின் மிகக் குறைந்த மதிப்பே 1/4, சதுரத்தின் பரப்பு 1. பிறகெப்படிக் குறையும்? அசடு வழியத் திருத்தினேன்: 0.33988. துல்லியமான விடை 0.33980. ஒன்பதே புள்ளிகள்!

அவள் விடவில்லை. “இருபது மாறிகள் இருந்தால்?” மாறிக்கு மூன்று புள்ளிகள் என்று வைத்தாலே 348 கோடியைத் தாண்டும். மணி அடித்தது, தப்பித்தேன்.

இரவு மடிக்கணினியில் மான்டே கார்லோ முறையை ஓட்டிப் பார்த்தேன். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாளாய்ச் சீட்டாடும்போது, வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டு மண்டையை உடைப்பதைவிடப் பலமுறை ஆடி எண்ணிவிடலாமே என்று யோசித்ததில் பிறந்த முறை. புள்ளிகளைக் கண்டபடி வீசி, சார்பின் சராசரியை எடுப்பதுதான் வேலை. பிழை பாதியாக வேண்டுமென்றால் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும். சோம்பேறி முறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு மாறிக் கணக்கில் அந்த எண்ணம் பொய்க்கவில்லை. சிம்ப்சனின் ஒன்பது புள்ளிகளை எட்டிப்பிடிக்க ஏறத்தாழ 3.4 லட்சம் புள்ளிகள் தேவை.

அதே கணக்கை இருபது மாறிகளுக்கு நீட்டினேன். விடை 0.0334 அருகே நின்றது. விடையில் 0.02 விழுக்காடு அளவுக்குப் பிழையை அடக்க நாற்பதாயிரம் புள்ளிகள் போதும். கண் இமைப்பதற்குள் முடிந்தது. புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் பிழைக்கும் உள்ள அந்த நான்கு மடங்குக் கணக்கு, மாறிகள் எத்தனை என்று கேட்பதே இல்லை. சிம்ப்சன் விதி போலக் கட்டம் போட்டு எண்ணும் முறைக்கோ மாறிகளின் எண்ணிக்கைதான் எமன்.

வெள்ளிக்கிழமை அவளிடம் இந்த இரண்டு முறைகளின் கணக்கையும் அட்டவணைகளாகக் காட்டப்போகிறேன். தேர்வில் இது வராது என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். முதலிலேயே சொன்னால் மற்றவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள்.