குளூட்டமேட் சேர்த்தும் கால்சியம் ஏறவில்லையா?

வளர்ப்பில் உள்ள சிறுமூளை கிரானுல் செல்களுக்கு (சிறுமூளையின் சிறிய நரம்புச் செல்கள்) 100 மைக்ரோமோலார் குளூட்டமேட் (நரம்புச் செல்களைத் தூண்டும் வேதிப்பொருள்) கொடுத்தும், செல்லுக்குள் உள்ள கால்சியத்தைக் காட்டும் கோடு அசையவில்லை என்றால், செல்லைக் குறை சொல்வதற்கு முன் பஃபரைப் பாருங்கள். வாங்கி வைத்த ஹேங்க்ஸ் உப்புக் கரைசலை அப்படியே ஊற்றியிருந்தால் அதில் மக்னீசியம் இருக்கும். ஓய்வில் உள்ள செல்லில் அது என்.எம்.டி.ஏ ஏற்பியின் (குளூட்டமேட் ஒட்டினால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும் புரதம்) துளையை அடைத்துவிடும். குளூட்டமேட் வந்து ஒட்டினாலும் கால்சியம் உள்ளே போக வழியில்லை. குளூட்டமேட்டின் இன்னொரு வகை ஏற்பியான ஆம்பா ஏற்பிகள் வழியே செல் கொஞ்சம் மின்னழுத்தம் இழந்து ஒரு சின்ன மேடு தெரியலாம், அவ்வளவுதான்.

மக்னீசியம் சேர்க்காமல் நீங்களே கலக்குங்கள்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 1.3, குளுக்கோஸ் 10, ஹெப்பஸ் 20, எல்லாம் மில்லிமோலாரில், பி.எச். 7.4. குளூட்டமேட்டுடன் 10 மைக்ரோமோலார் கிளைசினும் சேர வேண்டும். அது இல்லாமல் இந்த ஏற்பி திறக்காது. இன்னொன்று, குளூட்டமிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்காமல் ஸ்டாக் தயாரித்தால், பஃபரின் பி.எச். இறங்கி ஏற்பியின் வேலையும் குறையும். சோடியம் உப்பாகவே வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

செல்களின் வயதும் முக்கியம். 7 நாள் எலிக்குட்டியிலிருந்து எடுத்த செல்களை பாலி-லைசின் பூசிய கண்ணாடியில் விதைத்து, 10% சீரமும் 25 மில்லிமோலார் பொட்டாசியமும் உள்ள ஊடகத்தில் வளர்க்கிறோம். அந்தப் பொட்டாசியம் எல்-வகைக் கால்சியம் வாயில்கள் வழியே சிறிதளவு கால்சியத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். செல்கள் பிழைப்பதே அதனால்தான். ஒரு நாள் கழித்து 10 மைக்ரோமோலார் சைட்டோசின் அராபினோசைடு சேர்த்தால் கிளியா (நரம்புச் செல் அல்லாத துணைச் செல்கள்) பெருகாது. இரண்டாம் மூன்றாம் நாளில் குளூட்டமேட்டின் நச்சு இவற்றை அதிகம் தாக்காது. ஏழெட்டு நாளில்தான் முழு வீச்சு தெரியும். அந்த வயதில் ஊடகத்தைப் புதிதாக மாற்றிவிடாதீர்கள்: சீரத்தில் உள்ள குளூட்டமேட்டே செல்களைக் கொன்றுவிடும். குளுக்கோஸ் மட்டும் சேர்த்தால் போதும்.

கால்சியத்தை அளக்க ஃப்யூரா-2 ஏ.எம். என்ற ஒளிரும் சாயம் 3 மைக்ரோமோலார், கூடவே அதைக் கரைய வைக்க 0.02% புளூரோனிக், சீரம் இல்லாத பஃபரில் அறை வெப்பநிலையில் 40 நிமிடம், கழுவிய பின் இன்னும் 20 நிமிடம். 37 டிகிரியில் நீண்ட நேரம் ஏற்றினால் சாயம் செல்லின் உள்ளறைகளுக்குள் புகுந்து, அசையாத பின்னணியாக நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். குளூட்டமேட் பட்டதும் கால்சியம் சட்டென ஏறி, கொஞ்சம் இறங்கி நிலைக்கும். பல நிமிடம் கழித்து இரண்டாவது ஏற்றம் வரும், அது திரும்பாது. அதற்குப் பிறகு எம்.கே.-801 கொடுத்து ஏற்பியை அடைத்தாலும் பயனில்லை. இடைப்பட்ட நேரத்தில் வந்த கால்சியத்தின் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியா விழுங்கிக்கொண்டிருக்கிறது. ரோட்டினோன் (மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிறுத்துவது), ஒலிகோமைசின் (அதன் ஏ.டி.பி. நொதியை அடைப்பது) இரண்டையும் முன்பே கொடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை இறக்கிவிட்டால் இந்த ஏற்றம் தள்ளிப்போவதற்குக் காரணம் அதுதான்: மின்னழுத்தம் இல்லாத மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்காது, அதனால் கெடுவதும் இல்லை. ஒலிகோமைசினை விட்டுவிடாதீர்கள்: விட்டால் ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தயாரிக்கும் நொதி தலைகீழாக ஓடி, கிளைக்கோலிசிஸ் (குளுக்கோஸை உடைத்தல்) தந்த ஏ.டி.பி.யைத் தின்றுவிடும்.

இந்த ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் சராசரிக் கோட்டை நம்பாதீர்கள். ஒரு செல் ஆறாவது நிமிடத்தில் எகிறும், பக்கத்துச் செல் இருபதாவதில். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் மெல்ல ஏறும் சரிவுதான் மிஞ்சும். அப்படி ஒரு சரிவு எந்தச் செல்லிலும் நடக்கவே இல்லை. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள்.

உயரத்தையும் நம்ப முடியாது. ஃப்யூரா-2 பாதி நிறைவது சுமார் 224 நானோமோலார் கால்சியத்தில். பல மைக்ரோமோலார் ஏறும்போது அது நிறைந்து தட்டையாகிவிடும். அங்கே ஃப்யூரா-எஃப்.எஃப். போன்ற நாட்டம் குறைந்த சாயம் வேண்டும். 340, 380 நானோமீட்டர் தூண்டல்களில் வரும் ஒளியின் விகிதத்தோடு 360 நானோமீட்டர் தூண்டலிலும் ஒரு பதிவு எடுத்து வையுங்கள். கால்சியம் மாறினாலும் அந்த ஒளி மாறாது. அது விழுந்தால் சவ்வு கிழிந்து சாயம் வெளியேறுகிறது என்று அர்த்தம், அதற்குப் பிந்தைய விகிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.