வட்டமிடாத எண்

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். கன்னியாகுமரி மாவட்டம் கொல்லங்கோடு பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியில் எனக்கு டியூட்டி. ஓட்டுப் போட வருகிறவர் பெயரைப் பட்டியலில் தேடிக் குறுக்கே கோடு இழுக்க வேண்டும். பெண் என்றால் வரிசை எண்ணையும் வட்டமிட வேண்டும்.

மதியம் கூட்டம் குறைந்ததும் பக்கங்களைப் புரட்டினேன். எங்கு பார்த்தாலும் வட்டங்கள். ஆண்களின் பெயர்கள் பாதிக்கு மேல் கோடு விழாமலே கிடந்தன. "இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு அக்கறையே இல்ல" என்றார் உடனிருந்த அலுவலர். எனக்குச் சுருக்கென்றது.

அவர்கள் ஊரில் இருந்தால்தானே வருவதற்கு! தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடை தொடங்கிவிடும், படகெல்லாம் கரையில் நிற்கும். தூத்தூர் இருக்கும் மேற்குக் கரையில் தடை ஜூன், ஜூலை மாதங்களில்தான். ஒரே மாவட்டம், ஒரே தேர்தல் நாள், ஆனால் ஒரு கரையில் ஆள் இருக்கிறது, மறு கரையில் இல்லை. 2019-இல் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று தேர்தல், 2021-இல் ஈஸ்டர் முடிந்த இரண்டாம் நாள். பண்டிகைக்கு வந்தவர்கள் ஓட்டும் போட்டுவிட்டுப் போகலாம். 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது.

எனக்குத் தபால் ஓட்டு உண்டு. ராணுவத்தில் இருப்பவருக்கு உண்டு. 85 வயது தாண்டியவரிடம் வீட்டுக்கே போய் ஓட்டு வாங்குகிறோம். நடுக்கடலில் நிற்கிறவனுக்கு மட்டும் ஒரு வழியும் இல்லை. அவனைப் பார்த்து அக்கறை இல்லாதவன் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அப்புறம், வேண்டாம் என்றே வராதவர்களும் உண்டு. ஒரு பெண் இரண்டு பூத் சிலிப்பைச் சேர்த்து நீட்டினாள். இன்னொன்று யாருடையது என்று கேட்டேன். "மாமியுடையது சார். வெளிய நிக்காங்க. வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

டீ குடிக்கப் போனபோது அந்த அம்மா கேட்டுக்கு வெளியே மதிலோரம் நின்றுகொண்டிருந்தார். உடம்பு சரியில்லையோ என்றுதான் விசாரித்தேன்.

"ஒக்கிக்கு முந்தி எல்லா எலெக்சனுக்கும் மொத ஆளா வந்திருக்கேன் சாரே. எனக்க மவனத் தேடிப் போனது எங்க ஊரு ஆளுவதான். வேற ஆரு வந்தா? இனி நான் ஆருக்குப் போடணும்?"

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் கடைசியில். ஆறு வருஷம் தாண்டியும் அந்தக் குரலில் கோபம் ஆறவில்லை. நோட்டா இருக்கிறதே என்று வாய் வரை வந்தது. உச்ச நீதிமன்றம் 2013-இல் தந்த வழி. ஆனால் எல்லாரையும்விட நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து நிற்கிற வேட்பாளர்தான் ஜெயித்தவர். மகனைக் கடலில் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்ல?

ஓட்டை விடக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். அன்று அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலிப்பில் பார்த்த எண் நினைவில் இருந்தது. ஆறு மணிக்குப் பட்டியலை மடிக்கும் முன் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மருமகள் எண்ணில் வட்டம் இருந்தது. அவருடையதில் இல்லை.