நவம்பர் 12-க்கு முன்

ஆகஸ்ட் 17, 2025

தாடை ஆபரேஷனுக்காகப் பல்லில் கிளிப் போட்டு 16 மாதம் ஆகிறது. என் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு முன்னால் நிற்பது சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான், ஆனால் கிளிப் போட்ட பிறகு அது இன்னும் முன்னே வந்துவிட்டது, நடுவில் சுண்டுவிரல் நுனியே நுழைகிறது. அம்மா இன்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "காசையும் கொடுத்து, இருந்ததையும் கெடுத்துக்கிட்டு வந்திருக்கியேடி" என்றாள்.

அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதிவைக்கிறேன். இரண்டு தாடையும் பொருந்தாதபோது பற்கள் தாமாகச் சாய்ந்து அதைச் சமாளிக்கப் பார்க்கும், மேல்பல் வெளியே, கீழ்ப்பல் உள்ளே. அந்தச் சாய்வை எடுத்து ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பில் நிமிர்த்துவதுதான் இப்போது நடக்கிறது. அப்படிச் செய்யும்போது இத்தனை வருஷம் மறைந்திருந்த கோணல் முழுசாக வெளியே தெரியும், தெரிந்தால்தான் ஆபரேஷனில் எலும்பை எவ்வளவு நகர்த்துவது என்று கணக்குப் போட முடியும். அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6

எக்ஸ்ரே, ஸ்கேன், பல்லுக்கு அச்சு எல்லாம் எடுத்தாகிவிட்டது. மேல்தாடையை 4 மில்லிமீட்டர் முன்னே, கீழ்த்தாடையை 5 மில்லிமீட்டர் பின்னே நகர்த்தப்போகிறார்கள். கீழே இரண்டு ஞானப்பல்லையும் பிப்ரவரியிலேயே பிடுங்கியது இதற்காகத்தான், வெட்டு அந்த இடத்தின் வழியாகப் போகிறது, குழி எலும்பாக நிறைய ஆறு மாதமாவது வேண்டும்.

மேல்தாடை வெட்டுக்கு லெ ஃபோர்ட் 1 என்று பெயர். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் முக எலும்பு அடிபட்டால் எந்தக் கோடுகளில் உடைகிறது என்று மண்டையோடுகளில் ஆராய்ந்து 1901-இல் எழுதினார், அதில் முதல் கோட்டில்தான் எனக்கு வெட்டப்போகிறார்கள். கீழ்த்தாடையைக் கடைவாய்ப்பக்கம் இரண்டு புறமும் நீளவாக்கில் பிளந்து, பின்னே தள்ளி, டைட்டானியம் தகடும் திருகும் வைப்பார்கள். எல்லா வெட்டும் வாய்க்குள்தான், முகத்தில் தழும்பு இருக்காது.

செப்டம்பர் 27

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில். அழகுக்காகச் செய்வது, தர முடியாது.

ரொம்ப நேரம் கோபமாகவே இருந்தேன். பூ கட்டும்போது அம்மா நூலைச் சட்டென்று பல்லில் கடித்து அறுப்பாள், எனக்கு அது இதுவரை முடிந்ததில்லை, முன்பல் ஒன்றோடொன்று சேர்ந்தால்தானே. சேமியாவை வாயில் வைத்தால் பாதி வெளியே தொங்கும், அதனாலேயே கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர இலையாகத் தேடுவேன். இதில் அழகு எங்கே வந்தது? டாக்டரிடம் மெல்லுவதில் உள்ள சிரமத்தை அளவுகளோடு எழுதி வாங்கி மறுபடி அனுப்பப்போகிறேன்.

அக்டோபர் 20

தீபாவளி. முறுக்கைக் கையால் நொறுக்கிக் கடைவாயில் வைத்து அரைத்தேன், எப்போதும் போல. கம்பியில் ஒட்டியதை எடுக்கவே அரைமணி. அடுத்த தீபாவளிக்கு முழு முறுக்காக எடுத்துக் கடிக்க வேண்டும், இதை எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 2

கம்பியில் சின்னச் சின்னக் கொக்கிகளை மாட்டிவிட்டார்கள். ஆபரேஷனின்போதும் அதற்கப்புறமும் ரப்பர் போட்டு இரண்டு தாடையையும் பிடித்து வைக்க இவைதான். கன்னத்தின் உள்பக்கம் முழுக்கக் கீறல், ஒவ்வொரு கொக்கியிலும் மெழுகை உருட்டி அப்பிக்கொண்டு தூங்குகிறேன்.

சம்மதப் படிவத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடுகிறது, கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி அதனால்தான். அது மரத்துப்போகும், பலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு ஓரிடத்தில் அப்படியே தங்கிவிடும். வலி, வீக்கம், வாரக்கணக்கில் கஞ்சி இதற்கெல்லாம் நான் தயார். இதற்கு இல்லை. வெளியே வந்து ஒரு டீ குடித்து, அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 9

ஆபரேஷனுக்கு அப்புறம் சிரிஞ்சில் குடிப்பதற்காக வீட்டில் கஞ்சிப் பரிசோதனை நடக்கிறது. கேழ்வரகுக் கூழை வடிகட்டினாலும் சிரிஞ்சில் அடைக்கிறது, பாசிப்பருப்புத் தண்ணீர் நன்றாக இறங்குகிறது, சத்துமாவை இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். "காரமே இல்லாம எப்படிடி சாப்பிடுவ" என்று அம்மா அதிலும் மிளகைத் தட்டிப் போட்டாள். மிளகுத்தூள் சிரிஞ்சில் மாட்டிக்கொண்டது. அப்பா அதைக் கழுவிக் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 11, இரவு

வெளியே மழை. வார்டில் ஃபேன் சத்தம். மயக்க மருந்து டாக்டர் வந்து, குழாய் மூக்கு வழியாகத்தான் போகும், பல் சேர்கிறதா என்று பார்க்க வாய் காலியாக இருக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுப் போனார். நடு இரவுக்கு மேல் சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும் காலை ஐந்து வரைக்கும்.

பத்து மணிக்கு அம்மா ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளரில் ரசம் ஊற்றினாள். டம்ளர் விளிம்பு கீழ் உதட்டில் பட்டதும் சுட்டது. ஆற்றித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லி, அப்படியே உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.