ஒருசந்தி நாளில் பிடித்த கூலி

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்துவிட்டால் பாவம் என்று நம் நினைவுக்கு வருவது வெள்ளிக்கிழமை கறி தின்றது, பூசைக்குப் போகாதது, கோபத்தில் திட்டியது, இவ்வளவுதான். இவை பாவமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்த வெள்ளியன்று பூசையில் வாசிக்கிற, பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எசாயாவின் 58ஆம் அதிகாரத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நாங்கள் நோன்பிருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடமே முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று பதில் வருகிறது.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராவிட்டால் அந்தச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோம், அன்றைக்கே ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தியும் இருக்கிறோம், சாயங்காலம் சிலுவைப் பாதை வழிபாட்டுக்கும் போகிறோம். இது ஏன் நமக்கு உறுத்துவதில்லை?

இறைவாக்கினர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஆமோஸ். தெற்கே யூதா நாட்டுத் தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர், காட்டு அத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபவாம் அரசன் ஆட்சியில் வடநாடான இஸ்ரயேல் செழித்துக் கிடந்த நேரத்தில் அங்கே போய்ப் பேசுகிறார். அவர் சாடும் வியாபாரிகள் ஓய்வுநாளை மீறியவர்கள் இல்லை, கடையை ஒழுங்காக மூடியவர்கள்தான். ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கி, விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கிற எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையோடு பதரையும் சேர்த்துத் தள்ளிவிடலாம், ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கணக்குதான் பாவம் என்கிறார் ஆமோஸ். பெத்தேல் கோயில் குரு அமட்சியா கொதித்துப்போய், இது அரசரின் கோயில், உன் ஊருக்கே போய்ப் பேசிப் பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறார். இன்றைக்கும் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் கூலியைப் பற்றி, சாதியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் "இங்கே அரசியல் வேண்டாம்" என்கிறோமே, அதுவும் அமட்சியாவின் பேச்சுதான்.

சாதி என்றதும் நம் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி சம்பா கோயில் என்கிற தேவாலயத்துக்குள்ளேயே தலித் கிறித்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் குருவிடம் நியாயம் கேட்டு அது இடிக்கப்பட்டதையும், உடனே மற்ற சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்துக் கிளம்பியதையும் 1745இல் அந்த ஊரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பூசைதான் நடந்தது. நீங்கள் கைகளை உயர்த்தும்போது என் கண்களை மறைத்துக்கொள்வேன் என்று எசாயா முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்வது இப்படிப்பட்ட வழிபாட்டைத்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் தூய வாழ்வு எது? கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு பலகை பதித்து மாளிகை கட்டிய யூதா நாட்டு யோயாக்கிம் அரசனிடம் இறைவாக்கினர் எரேமியா அவன் அப்பா யோசியாவை நினைவூட்டுகிறார். அவர் ஏழைக்கு நியாயம் செய்தார், என்னை அறிவது என்பது இதுதானே என்று ஆண்டவர் கேட்கிறார். ஜெபம், தியானம் எதையும் இந்த இடத்தில் அவர் சொல்லவே இல்லை!

இறைவாக்கினர் எசேக்கியேல் இன்னும் நேரடி. அப்பன் பாவத்துக்குப் பிள்ளை சாவதில்லை, அவனவன் பாவம் அவனவனுக்கு; தீயவன் மனம் திரும்பினால் பிழைப்பான். திரும்பினான் என்பதற்கு 33ஆம் அதிகாரத்தில் அவர் காட்டும் அடையாளம் கண்ணீர் இல்லை. வாங்கிய அடகைத் திருப்பிக் கொடுக்கிறான், பறித்ததைத் திரும்ப ஒப்படைக்கிறான். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுக்குள் அந்த அக்காவிடம் பிடித்த சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.